கிழங்கு ஊறலா, சட்டை ஊறலா?

மார்கழி, தை வந்தால் மார்க்கெட்டில் சேனை, பிடிகருணை, சிறுகிழங்கு என்று கிழங்குகளின் ராஜ்யம்தான். அந்த நேரத்தில் உடம்பில் ஊறல் எடுத்தால், பழி உடனே கிழங்கின் தலையில்!

காசிமேட்டிலிருந்து ஒரு தாய் தன் எட்டு வயதுப் பையனோடு வந்தார். "கருணை மசியல் குடுத்தேன் சார், ராவெல்லாம் சொறியறான். கிழங்கு, மீனு எல்லாத்தையும் நிறுத்திட்டேன்" என்றார். பத்தியத்தில் பிள்ளை வாடிப் போயிருந்தான்.

கிழங்கு ஊறல் அப்படி இருக்காது. அதிலுள்ள கால்சியம் ஆக்ஸலேட் என்ற ஊசிப் படிகங்கள் வாயையும் தொண்டையையும் குத்தும். நறுக்கிய கை அரிக்கும். பெரும்பாலும் சீக்கிரமே அடங்கிவிடும்.

இவனுக்கோ விரல் இடுக்கெல்லாம் கொப்புளம்; தங்கைக்கும் அதே நமைச்சல். இது சொறிப்பூச்சி! ஒட்டிப் படுப்பதால்தான் அதிகம் பரவும். துணி வழியாகவும் வரலாம். ஒரு மாதம் முன்பு வாங்கிய பழைய சட்டையைத் துவைக்காமல் போட்டிருக்கிறான். முதல்முறை தொற்றினால் 2 முதல் 6 வாரம் கழித்தே நமைக்கும். அதனால்தான் நேற்றுச் சாப்பிட்ட கிழங்கு மாட்டிக்கொள்கிறது!

வீட்டில் அனைவரும் ஒரே நாளில், டாக்டர் சொல்லும் மருந்தைப் பூசுங்கள். துணியைச் சுடுநீரில் துவைத்து நல்ல வெயிலில் போடுங்கள். துவைக்க முடியாததைப் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள்.

கருணையையும் வாங்கியதும் சமைக்காதீர்கள். சில நாள் வைத்திருந்து, அரிசி களைந்த நீரில் வேகவிட்டு, புளி சேர்த்து மசியுங்கள்.

பழைய துணி கௌரவக் குறைச்சல் இல்லை; கிழங்கு விஷமும் இல்லை. இரண்டுக்கும் வேண்டியது பக்குவம்தான்.