மோட்டார் வீட்டின் இழுபடு ஊர்தி

இழுபடு ஊர்தி என்பது மோட்டார் வீட்டின் பின்னால் இணைத்து இழுத்துச் செல்லப்படும் சிறிய தானுந்து ஆகும். மோட்டார் வீடு என்பது உறங்கவும் சமைக்கவும் குளிக்கவும் வசதிகள் கொண்ட, தன் சொந்த எஞ்சினால் ஓடும் பெரிய ஊர்தி. ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் இது பரவலாக உள்ளது. ஓய்வுபெற்றோர் பலர் மாதக்கணக்கில் இதிலேயே தங்கிப் பயணம் செய்கின்றனர். கப்பலின் பின்னால் கட்டி இழுக்கப்படும் சிறு படகை ஒத்திருப்பதால் இழுபடு ஊர்தியை ஆங்கிலத்தில் டிங்கி என அழைக்கின்றனர். இழுக்கப்பட்டது எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் தேரையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் ஒரே மாதிரி ஒலிப்பதால், வேடிக்கையாகத் "தேரை" என்று சொல்வதும் உண்டு.

கரடுமுரடான பாதைகளில் செல்லவல்ல நான்கு சக்கர இயக்க ஊர்திகள், சிறப்பாக ஜீப் ராங்லர், இப்பயன்பாட்டிற்கு அதிகம் விரும்பப்படுகின்றன. மலைப்பாதையில் ஏறும் ஆற்றல் மட்டும் இதற்குக் காரணம் அன்று. இவ்வகை ஊர்திகள் சிலவற்றில் மட்டும் உள்ள ஓர் உறுப்பு, அவற்றைக் கெடாமல் இழுத்துச் செல்ல வழிசெய்கிறது. அவ்வுறுப்பு இல்லாத ஊர்தியைத் தவறாக வாங்கி இழுத்தால், ஒரே நாள் பயணத்தில் கியர்பெட்டி பாழாகிவிடக்கூடும்.

தேவை

பெரிய மோட்டார் வீடுகள் 30 முதல் 45 அடி வரை நீளம் கொண்டவை. முகாமில் நிறுத்தி மின்சாரம், குடிநீர், கழிவுநீர்க் குழாய்களை இணைத்தபின், பால் வாங்குவதற்காக அதனை மீண்டும் கிளப்புவது இயலாத செயல். நகர வீதிகளில் நிறுத்த இடம் கிடைப்பதும் அரிது. சில சாலைகளில் அனுமதியே இல்லை. மொன்ட்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் உள்ள கோயிங்-டு-த-சன் சாலையின் மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமோ 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள ஊர்திகள் செல்ல முடியாது. யூட்டாவின் கேனியன்லாந்ட்சு தேசியப் பூங்காவில் உள்ள ஒயிட் ரிம் பாதை ஏறத்தாழ 100 மைல் நீளமான மண்பாதை. அதில் செல்லத் தரையிலிருந்து உயர்ந்த அடிப்பாகமும், தாழ்வேக கியர் கொண்ட நான்கு சக்கர இயக்கமும் தேவை. இத்தகைய இடங்களைக் காண விரும்புவோர் சாதாரணச் சிறு காருக்குப் பதிலாக ஜீப் வகை ஊர்தியை நாடுகின்றனர்.

இழுக்கும் முறைகள்

மூன்று முறைகள் வழக்கில் உள்ளன. ஊர்தி முழுவதையும் டிரெய்லர் ஒன்றில் ஏற்றிச் செல்வது முதல் முறை. எந்த ஊர்தியையும் இவ்வாறு கொண்டு செல்லலாம் எனினும் டிரெய்லரின் எடையும், முகாமில் அதனை நிறுத்த இடம் தேடுவதும் தொல்லை. முன்சக்கரங்களை மட்டும் இருசக்கர வண்டி ஒன்றின் மேல் தூக்கி வைத்து இழுப்பது இரண்டாவது முறை. இது முன்சக்கர இயக்கக் கார்களுக்குப் பொருந்தும். நான்கு சக்கர இயக்க ஊர்திகளுக்குப் பொதுவாக ஏற்றதன்று. நான்கு சக்கரங்களும் தரையில் உருள, இழுவைத் தண்டால் நேரடியாக இழுப்பது மூன்றாவது முறை. இணைக்கவும் கழற்றவும் சில நிமிடங்களே ஆவதால் இதுவே அதிகம் விரும்பப்படுகிறது. இக்கட்டுரை இம்முறையைப் பற்றியது.

எல்லா ஊர்திகளையும் ஏன் இழுக்க முடியாது

எஞ்சின் அணைந்திருந்தாலும், ஊர்தி உருளும்போது சக்கரங்கள் அச்சையும், அச்சு கியர்பெட்டியிலிருந்து வரும் தண்டையும் சுழற்றுகின்றன. தானியங்கு கியர்பெட்டியில் எண்ணெயை உள்ளுறுப்புகளுக்கு அனுப்பும் பம்பு எஞ்சினால் இயக்கப்படுவது. எஞ்சின் ஓடாதபோது பம்பும் ஓடாது. ஆகவே மணிக்கு 60 மைல் வேகத்தில் இழுக்கப்படும் காரின் கியர்பெட்டிக்குள் பகுதிகள் எண்ணெய் இன்றிச் சுழன்று, சூடேறித் தேய்கின்றன. கியர் கோலை நியூட்ரலில் வைத்தாலும் இது நிற்பதில்லை. முன்னால் மோட்டார் வீட்டை ஓட்டுபவருக்கு ஓசையோ மணமோ எட்டாது. அடுத்த முகாமில் காரைக் கிளப்பும்போதுதான் சேதம் தெரியவரும்.

கையியக்க கியர்பெட்டிகளில் நிலைமை வேறு. பல் சக்கரங்கள் கீழே தேங்கியுள்ள எண்ணெயில் மூழ்கிச் சுழன்று அதனை மேலே தெளிப்பதால் அவற்றுள் பலவற்றை இழுக்கலாம். ஆயினும் எல்லாவற்றையும் அன்று. எந்தப் பல் சக்கரம் எண்ணெயில் மூழ்கியுள்ளது என்பது ஒவ்வொரு வடிவமைப்பிலும் மாறுபடும்.

மின்கலக் கார்களில் பெரும்பாலும் மோட்டார் சக்கரங்களுடன் நிலையாக இணைந்தே இருப்பதால், அவற்றை இம்முறையில் இழுக்கப் பொதுவாக அனுமதி இல்லை.

டிரான்ஸ்பர் கேசும் நியூட்ரலும்

நான்கு சக்கர இயக்க ஊர்திகளில் கியர்பெட்டிக்குப் பின்னால் டிரான்ஸ்பர் கேசு என்னும் மற்றொரு பெட்டி உண்டு. எஞ்சினின் ஆற்றலை முன் அச்சிற்கும் பின் அச்சிற்கும் பகிர்ந்தளிப்பது இதன் வேலை. ஜீப் ராங்லர் போன்றவற்றில் இப்பெட்டிக்குத் தனிக் கோல் ஒன்றும், அதில் தனி நியூட்ரல் நிலை ஒன்றும் உள்ளன. அந்நிலையில் வைத்தால் இரு அச்சுகளும் கியர்பெட்டியிலிருந்து முற்றிலும் துண்டிக்கப்படுகின்றன. சக்கரங்கள் உருளும், கியர்பெட்டி அசையாது நிற்கும். கியர்பெட்டி தானியங்கு வகையா கையியக்க வகையா என்ற கேள்வி இங்கு எழுவதே இல்லை.

இதில் புதியவர்களைக் குழப்பும் செய்தி ஒன்று உண்டு. ராங்லரை இழுக்கும்போது டிரான்ஸ்பர் கேசு நியூட்ரலில் இருக்க வேண்டும். ஆனால் தானியங்கு கியர்பெட்டி பார்க் நிலையிலும், கையியக்க கியர்பெட்டி ஏதேனும் ஒரு கியரிலும் இருக்க வேண்டும். இது முரண்பாடு அன்று. டிரான்ஸ்பர் கேசின் உள்ளே எண்ணெய் இழுவையால் கியர்பெட்டித் தண்டு மெல்லச் சுழலாதபடி அதனைப் பூட்டி வைப்பதே இதன் நோக்கம்.

நியூட்ரல் உண்மையில் விழுந்ததா எனச் சோதிப்பதும் எளிது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, டிரான்ஸ்பர் கேசை நியூட்ரலில் வைத்து, கியரைப் பின்னோக்கு நிலைக்கும் பிறகு முன்னோக்கு நிலைக்கும் மாற்றி, ஒவ்வொரு முறையும் பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டும். ஊர்தி சிறிதும் நகரக்கூடாது. நகர்ந்தால் கோல் பாதியில் நிற்கிறது என்று பொருள். ஒரு நிமிடம் பிடிக்கும் இச்சோதனையைத் தவிர்த்ததால் ஏற்படும் செலவு, சில பழைய ஜீப்புகளின் விலையையே எட்டிவிடும்.

மாதிரிகள்

ராங்லர் 1987 மாதிரி ஆண்டு முதல் விற்கப்படுகிறது. ஒய்ஜே, டிஜே (1997–2006), ஜேகே (2007–2018), ஜேஎல் (2018 முதல்) என நான்கு தலைமுறைகள் உண்டு. நான்கு சக்கர இயக்கம் கொண்டவை இழுப்பதற்கு ஏற்றவை. ஜேகேயின் நான்கு கதவு வகை சில ஆண்டுகள் இருசக்கர இயக்கத்துடனும் விற்கப்பட்டது. அதில் டிரான்ஸ்பர் கேசு இல்லை. தோற்றத்தில் வேறுபாடு எளிதில் தெரியாததால், பழைய ஜேகே வாங்குவோர் டிரான்ஸ்பர் கேசின் கோல் உள்ளதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஜீப் கிராண்ட் செரோக்கியில் சிக்கல் இன்னும் கூடுதல். 2011 மாதிரி ஆண்டில் தொடங்கிய தலைமுறையில் குவாட்ரா-டிராக் 2 அமைப்பு கொண்ட வண்டிக்கு நியூட்ரல் உண்டு, இழுக்கலாம். குவாட்ரா-டிராக் 1 கொண்ட வண்டிக்குத் தாழ்வேக கியரும் இல்லை, நியூட்ரலும் இல்லை, இழுக்கக்கூடாது. இரண்டும் ஒரே பெயரில், ஒரே ஆண்டில், ஒரே கடையில் விற்கப்பட்டவை. "நான்கு சக்கர இயக்கம்" என்று விளம்பரத்தில் இருப்பதை மட்டும் நம்பி வாங்குவோர் ஏமாறுவது இங்கேதான்.

சுசுக்கி சாமுராய் 1980களின் நடுவில் அமெரிக்காவுக்கு வந்து 1995 வரை விற்கப்பட்டது. ஏறத்தாழ 950 கிலோகிராம் எடையே கொண்டது என்பதால் சிறிய மோட்டார் வீடு வைத்திருப்போர் இதனைத் தேடி வாங்கினர். இந்தியாவில் காவல்துறையும் இராணுவமும் பெருமளவில் பயன்படுத்திய மாருதி ஜிப்சி இதன் நெருங்கிய உறவு ஆகும். 2021இல் மீண்டும் வந்த ஃபோர்டு பிராங்கோவும் நான்கு சக்கரங்களில் இழுக்கும் வசதியுடன் வந்தது. ஆனால் பெயரில் மட்டும் ஒத்த பிராங்கோ ஸ்போர்ட் வேறு அடித்தளத்தில் கட்டப்பட்டது; ஒன்றின் விதியை மற்றொன்றுக்குப் பொருத்தக்கூடாது.

ஒரே பெயரின் தகுதி ஆண்டுக்கு ஆண்டு மாறுவதற்கு ஹோண்டா சிஆர்-வி நல்ல எடுத்துக்காட்டு. மணிக்கு 65 மைலுக்கு மிகாமல், கையேட்டின் படிகளைப் பின்பற்றி இழுக்கலாம் என்பதால் இது நெடுங்காலம் விரும்பப்பட்டது. அமெரிக்காவில் 2015 மாதிரி ஆண்டில் வேறு வகைத் தானியங்கு கியர்பெட்டி பொருத்தப்பட்டதும் அந்த அனுமதி நீங்கியது. 2014 வண்டியும் 2015 வண்டியும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றே.

ஆகவே இறுதிச் சான்று அந்த ஆண்டின் உரிமையாளர் கையேடே ஆகும். அதில் பொழுதுபோக்கு இழுவை பற்றிய பகுதியைப் படிக்க வேண்டும். பழுதான வண்டியை மீட்பு ஊர்தி இழுப்பது பற்றிய பகுதி வேறு. அது குறைந்த வேகத்தில் குறுகிய தொலைவுக்கானது. விற்பனையாளரின் வாய்மொழி உறுதி எவ்வகையிலும் போதுமானதன்று.

புதியதா, பயன்படுத்தியதா

புதிய ஊர்தியில் உத்தரவாதம் உண்டு. முந்தைய உரிமையாளரின் தவறுகள் இல்லை. ஆனால் இழுவைத் தண்டைப் பொருத்தும் அடித்தகட்டிற்காகப் புத்தம் புதிய வண்டியின் முன்பகுதியைக் கழற்றவோ துளையிடவோ வேண்டியிருக்கும். அண்மைக்கால வண்டிகளின் முன்புறத்தில் உள்ள ரேடார் உணரிகள் இவ்வேலையைக் கடினமாக்குகின்றன. ராங்லர் தனிச் சட்டகத்தின் மேல் கட்டப்பட்டது என்பதால் இதில் எளிது.

பயன்படுத்திய ராங்லரின் விலை பிற கார்களைப் போல விரைவாகக் குறைவதில்லை. எனவே மூன்று ஆண்டுப் பழைய வண்டிக்கும் புதியதற்கும் விலை வேறுபாடு எதிர்பார்த்த அளவு இராது. பத்து ஆண்டுக்கு மேற்பட்டவற்றிலேயே சேமிப்பு தெரியும். முன்பே அடித்தகடும் விளக்குக் கம்பிகளும் பொருத்தப்பட்ட வண்டி கிடைத்தால் அச்செலவு மிச்சம்.

ஆனால் அந்த அடித்தகடு மற்றொன்றையும் சொல்கிறது. பழைய இயந்திர வகை ஓட்டமானி அச்சிற்குச் செல்லும் தண்டால் இயக்கப்படுவதால் இழுக்கப்படும் தொலைவையும் எண்ணிவிடும். எஞ்சின் அவ்வளவு ஓடியிராது. மின்னணு ஓட்டமானிகள் பெரும்பாலும் இத்தொலைவை எண்ணுவதில்லை. 40,000 மைல் காட்டும் வண்டியின் சக்கரத் தாங்கிகளும் தண்டு மூட்டுகளும் டயர்களும் அதனைப் போல் இருமடங்கு உருண்டிருக்கக்கூடும். இழுக்கப்பட்ட வண்டியை வாங்குவோர் எஞ்சினைக் காட்டிலும் இவற்றையே கூர்ந்து பார்ப்பது நல்லது. முன் டயர்கள் ஒருபக்கமாகத் தேய்ந்திருத்தல், டிரான்ஸ்பர் கேசு எண்ணெயில் கருகிய மணம் அல்லது உலோகத் துகள், கோல் நியூட்ரலில் தளர்வாக ஆடுதல் ஆகியன எச்சரிக்கைகள். ராங்லரின் முன் அச்சு ஒரே துண்டாக அமைந்தது. திருப்பு மூட்டுகள் தேய்ந்தால் முன்சக்கரங்கள் கடுமையாக அதிரத் தொடங்கும். உள்ளே ஆள் இல்லாது இழுபடும் வண்டியில் இதனை உணர்ந்து வேகம் குறைக்க எவரும் இல்லை. உயரம் கூட்டப்பட்ட, பெரிய டயர் பொருத்தப்பட்ட வண்டிகளில் இது கூடுதலாகக் காணப்படும்.

எடை

வாங்குவதற்கு முன் மோட்டார் வீட்டின் தகட்டைப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, மோட்டார் வீட்டின் உச்ச எடை 22,000 பவுண்டு எனவும், இழுபடுவதையும் சேர்த்த உச்சக் கூட்டு எடை 26,000 பவுண்டு எனவும் கொள்வோம். மோட்டார் வீடு முழுச் சுமையில் இருந்தால் எஞ்சுவது 4,000 பவுண்டு (ஏறத்தாழ 1,814 கிலோகிராம்). கொக்கியின் மேல் 5,000 பவுண்டு என்று பொறித்திருந்தாலும் பயன் இல்லை. இரண்டில் சிறியதே வரம்பு. நான்கு கதவு ராங்லர் பல வகைகளில் 4,200 பவுண்டைத் தாண்டும் என்பதால் இங்கு பொருந்தாது. இரண்டு கதவு டிஜே பொருந்தும். வெளிக்கம்பிகள், வின்ச்சு, கூடுதல் டயர் ஆகியவற்றால் பழைய வண்டிகள் தொழிற்சாலை எடையைவிடக் கனத்திருப்பது வழக்கம். எடைமேடையில் நிறுத்திப் பார்த்தலே சரி.

துணைக் கருவிகள்

அடித்தகடு, இழுவைத் தண்டு, காப்புச் சங்கிலிகள், பின்விளக்கு இணைப்பு, துணை பிரேக் ஆகியன தேவை. இழுவைத் தண்டு ஏறக்குறைய கிடைமட்டமாக இருக்க வேண்டும். இரு முனைகளின் உயர வேறுபாடு 3 அங்குலத்துக்கு மேல் இருப்பது நல்லதன்று.

துணை பிரேக்கைச் சிலர் வீண்செலவு எனக் கருதுகின்றனர். மோட்டார் வீட்டின் பிரேக்குகள் அதன் சொந்த உச்ச எடைக்காகவே வடிவமைக்கப்பட்டவை. பின்னால் இரண்டு டன் தள்ளும்போது, மலையிறக்கத்தில் நிற்கும் தொலைவு கூடுகிறது. துணை பிரேக் இழுபடும் வண்டியின் மிதியை அழுத்தி அதனையும் நிறுத்தச் செய்கிறது. வண்டி கழன்று ஓடினால், சிறு கம்பி ஒன்று இழுபட்டு அதன் பிரேக்கைத் தானாகவே போடும் அமைப்பும் உண்டு. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுகிறது; பல மாநிலங்கள் 3,000 பவுண்டுக்கு மேற்பட்ட இழுபடு எடைக்குத் தனி பிரேக்கைக் கோருகின்றன. ராங்லர் வகைகள் பெரும்பாலும் இவ்வரம்பைக் கடந்தவை.

திருப்புச் சக்கரம் பூட்டிக்கொள்ளாதிருக்கச் சாவியைத் திறந்த நிலையில் விடவேண்டிய வண்டிகளில், நாள் முழுதும் இழுத்தால் மின்கலம் வடிந்துவிடும். மோட்டார் வீட்டிலிருந்து மின்னேற்றக் கம்பி இழுப்பது வழக்கமான தீர்வு.

இவ்வாறு இணைத்த ஊர்தியைப் பின்னோக்கிச் செலுத்த முடியாது. சில அடிகளிலேயே அதன் முன்சக்கரங்கள் ஒருபுறம் முழுவதுமாகத் திரும்பிக்கொள்ள, இழுவைத் தண்டு வளையும். குறுகிய எரிபொருள் நிலையத்தில் தவறாக நுழைந்துவிட்டால் வண்டியைக் கழற்றி, மோட்டார் வீட்டைத் தனியே வெளியே எடுத்து, மீண்டும் இணைக்க வேண்டும். அப்போது நியூட்ரல் சோதனையையும் மறுபடி செய்ய வேண்டும்.