டால்பின் தலை எந்தப் பக்கம்? 500 ஆண்டுகளுக்கு முன் போலிப் புத்தகம் மாட்டிய கதை!

ஒரு நங்கூரம். அதைச் சுற்றி வளைந்து நிற்கும் ஒரு டால்பின். 16-ம் நூற்றாண்டு ஐரோப்பாவில் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இந்தப் படம் இருந்தால், நம்பிக் காசு கொடுக்கலாம். அது வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனூட்டியஸின் அச்சகப் புத்தகம். கையடக்கமான இலக்கியப் புத்தகங்களையும், இன்று நம் போனில் இருக்கும் 'இட்டாலிக்' எழுத்தையும் பிரபலமாக்கியவர் அவர்தான்.

இந்தச் சின்னம் அவர் யோசித்து வரைந்தது அல்ல. ரோமப் பேரரசர் டைட்டஸ் காலத்து வெள்ளி நாணயம் ஒன்றை அறிஞர் பியட்ரோ பெம்போ அவருக்குக் கொடுத்திருந்தார். அதில் இருந்த படம் இது. டால்பின் வேகத்துக்கு, நங்கூரம் நிதானத்துக்கு. இரண்டும் சேர்ந்தால், 'மெதுவாக விரைந்து செய்' என்று பொருள். பேரரசர் அகஸ்டஸுக்குப் பிடித்த வாசகம் அது.

ஆல்டஸின் அச்சகத்தில் தங்கி வேலைபார்த்த எராஸ்மஸ், 1508-ல் இந்தச் சின்னம் பற்றி நீண்ட கட்டுரையே எழுதினார். எகிப்தியரின் சித்திர எழுத்து வரைக்கும் இதன் வேரைக் கொண்டுபோனார். வேடிக்கை என்னவென்றால், அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் அன்று ஐரோப்பாவில் ஒருவர்கூட இல்லை!

பெயர் வந்ததும் போலிகளும் வந்தன. பிரான்ஸின் லியோன் நகர அச்சகங்கள் ஆல்டஸின் புத்தகங்களை அப்படியே காப்பியடித்தன. 1503-ல் அவர் எச்சரிக்கை அறிவிப்பு ஒன்றை அச்சிட்டார். போலிகளின் காகிதம் நாறுகிறது என்றார். எந்த வரியில் என்ன பிழை என்றும் பட்டியல் போட்டார். லியோன்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தப் பட்டியலை வைத்தே பிழைகளைத் திருத்தி, மறுபடி அச்சடித்துவிட்டார்கள். பாவம், சம்பளம் இல்லாத புரூஃப் ரீடராக மாறிப்போனார் ஆல்டஸ்.

1515-ல் அவர் இறந்தார். அடுத்து, ஃப்ளோரன்ஸ் அச்சகத்தார் சின்னத்திலேயே கைவைத்தார்கள். ஆனால், இந்த முறை மாட்டிக்கொண்டார்கள். 1518-ல் வெளியான லிவியின் ரோம வரலாற்று நூலின் முன்னுரையில், ஆல்டஸின் மைத்துனர் ஃபிரான்செஸ்கோ அதைப் போட்டு உடைத்தார்: எங்கள் டால்பினின் தலை வலப்பக்கம் திரும்பியிருக்கும், அவர்களுடையதோ இடப்பக்கம்!

அச்சான படத்தைப் பார்த்து அப்படியே மரக்கட்டையில் செதுக்கினால், அச்சில் இடம் வலமாகிவிடும். போலி செய்தவர் அவசரத்தில் அதை மறந்திருக்கலாம்.