கிரீஸ் நிப்பிள் இருந்த காலமும் இல்லாத காலமும்

போடிநாயக்கனூரில் பொழுது விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் தூக்குவாளியோடு நெருக்கியடித்து ஏறிக்கொள்ள, வண்டி 17 கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றி ஏறி, போடிமெட்டைத் தாண்டி இடுக்கி மாவட்டத்துக்குள் போகும். கம்பமெட்டிலும் குமுளியிலும் இதே காட்சிதான். அந்த வண்டிகளின் உழைப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் இன்ஜினைத்தான் புகழ்வார்கள். பட்டறைக்காரர்கள் மட்டும் குனிந்து வண்டிக்கு அடியில் பார்ப்பார்கள். அவர்கள் தேடுவது கிராஸை.

யூ.ஜே. (யுனிவர்சல் ஜாயின்ட்) கிராஸ், கூட்டல் குறி வடிவில் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் இரும்புத் துண்டு. நான்கு கைகளிலும் நான்கு கப்; ஒவ்வொரு கப்புக்குள்ளும் வட்டமாக அடுக்கிய மெல்லிய ஊசி உருளைகள். சுற்றை முன்னும் பின்னும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று எனப் போகும் ப்ரொபெல்லர் ஷாஃப்டுகளின் இரண்டு முனையிலும் இது உட்கார்ந்திருக்கும். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது அச்சும் கூடவே இறங்குகிறது. ஷாஃப்டின் சாய்வு ஒவ்வொரு கல்லுக்கும் மாறுகிறது. அப்படி மாறிக்கொண்டே இருக்கும்போதும் சுற்று அறுபடாமல் போய்ச்சேர வைப்பது இந்தக் கிராஸ்தான்.

இதை மோட்டார் வண்டிக்கு ஏற்ற வடிவில் செய்து 1903இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் கிளாரன்ஸ் ஸ்பைசர். அதற்கு முன்பு பல கார்கள் சைக்கிளைப் போலவே செயினில் ஓடின. இரண்டாம் உலகப் போரில் வில்லிஸ் ஜீப் காட்டிலும் சேற்றிலும் ஓடியது இந்தக் கிராஸை நம்பித்தான். 1940களின் இறுதியில் மஹிந்திரா அதே வில்லிஸ் ஜீப்பை இங்கே பொருத்தத் தொடங்கியபோது கிராஸும் கூடவே வந்தது. வில்லிஸ் ஜீப்பின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி வெறும் 80 அங்குலம். நடுவில் கியர் பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் போக, பின் ஷாஃப்டுக்கு மிஞ்சுவது கொஞ்சம் இடம்தான். குட்டை ஷாஃப்ட் என்றால் சாய்வு அதிகம்; சாய்வு அதிகமானால் கிராஸுக்கு வேலையும் அதிகம்.

அந்தக் காலத்து டிரைவர்களுக்குக் கிராஸ் தன் நிலையைத் தானே சொல்லும். ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றி கிளட்சை விடும்போது அடியில் ‘டக்’ என்று ஒரு அடி விழுந்தால், தேய்மானம் தொடங்கிவிட்டது. மெதுவாக உருளும்போது ‘கிச் கிச்’ என்று கத்தினால் உள்ளே கிரீஸ் இல்லை. கப்பின் ஓரத்தில் செங்கல் பொடிபோலச் சிவப்பாகத் துரு கசிந்திருந்தால் அந்தக் கிராஸுக்கு ஆயுள் முடிந்தது. ஓய்வு நாளில் ஒரு சாக்கை விரித்து அடியில் படுத்து, கிரீஸ் கன்னை, கிராஸில் கிரீஸ் ஏற்றும் வாயான நிப்பிளில் மாட்டி அமுக்குவார்கள். நான்கு சீல்களிலும் பழைய கறுப்புக் கிரீஸ் வெளியேறிப் புதிய கிரீஸ் எட்டிப்பார்க்கும் வரை அமுக்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால், அந்த ஒரு கை காய்ந்துகொண்டிருக்கிறது. ஓடையில் இறங்கி ஏறிய வண்டி என்றால் அடுத்த ஓய்வு நாள் வரை காத்திருக்க மாட்டார்கள்.

மாற்றுவதும் அன்று கைவேலைதான். பட்டறையில் ஒரு வைஸ், ஒரு சுத்தியல், கப்பைத் தள்ள ஒரு சின்ன சாக்கெட், எதிர்ப்பக்கம் கப் வந்து விழ ஒரு பெரிய சாக்கெட். ஷாஃப்டைக் கழற்றும் முன் உளியால் இரண்டு பக்கமும் ஒரு கோடு போடுவார்கள். இது அழகுக்காக இல்லை. சாய்வில் சுற்றும் ஒற்றைக் கிராஸ் சுற்றைச் சீராகக் கடத்துவதில்லை. 20 டிகிரி சாய்வில் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் சுமார் 6 சதவீதம் கூடிக் குறையும். முன்முனைக் கிராஸ் கெடுப்பதைப் பின்முனைக் கிராஸ் சரிக்கட்டிவிடும். ஆனால் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் கிராஸைப் பிடிக்கும் கவைகள், அதாவது இரண்டு யோக்கும், ஒரே தளத்தில் நிற்க வேண்டும். ஷாஃப்டின் பல்வெட்டான ஸ்ப்லைனில் ஒரு பல் தள்ளிப் பூட்டினாலே வண்டி முழுக்க நடுங்கும். இந்தக் கணக்கைப் படிக்காதவர்களும் கோடு போடத் தவறியதில்லை.

கப்பைப் பிடித்திருக்கும் லாக்கை எடுத்து, கப்பைத் தள்ளி, புதுக் கிராஸை யோக்குக்குள் நுழைத்துக் கப்பை மாட்டும் இடம்தான் நுட்பமானது. உள்ளே ஊசிகள் கிரீஸின் பிடிப்பில் மட்டுமே நிற்கின்றன. கப்பை அடிக்கும்போது ஓர் ஊசி சாய்ந்து அடியில் குறுக்கே விழுந்துவிட்டால் கப் முழுதாக உள்ளே போகாது; லாக் அதன் காடியில் உட்காராது. பொறுமை இல்லாத கை இன்னும் நாலு அடி போடும். நல்ல கை உடனே நிறுத்தி, கப்பை வெளியே எடுத்து, ஊசியை நிமிர்த்தி மறுபடி தொடங்கும். லாக் உட்கார்ந்த பிறகு யோக்கின் தோளில் இலேசாக இரண்டு தட்டு. கிராஸ் நான்கு திசையிலும் இறுக்கமில்லாமல் விரலுக்கு அசைந்தால்தான் வேலை முடிந்தது என்று பொருள்.

ஆனால் அந்தக் காலத்தை முழுக்கப் பொற்காலம் என்று நான் எழுத மாட்டேன். புதுக் கிராஸ் கிடைக்காதபோது, அல்லது வாங்கக் காசில்லாதபோது, பழையதையே கழற்றித் திருப்பிப் போடுவார்கள். முன்னோக்கி ஓடும்போது கிராஸின் கையில் ஒரு பக்கம்தான் அழுந்தும். ஊசிகளின் தடம் அங்கே வரிவரியாகப் பதிந்திருக்கும். திருப்பினால் தேயாத பக்கம் வேலைக்கு வரும், கொஞ்ச நாள் ஓடும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். யோக்கின் துளை பெருத்துக் கப் லூசானால், துளையின் உள்சுவரில் பஞ்ச் கருவியால் புள்ளி புள்ளியாக அடித்து மேடாக்கி, கப்பை இறுக்கிவிடுவதும் நடந்தது. அந்த மேடு சில நாளிலேயே நசுங்கிவிடும். வண்டி நிறைய ஆளோடு மலை ஏறும் ஜீப்பில் அதைச் செய்யக் கூடாது. அன்றும் தவறு, இன்றும் தவறு.

ஏனென்றால் கிராஸ் உடைந்தால் வண்டி நின்றுபோவதோடு முடிவதில்லை. வில்லிஸ் வழி வந்த பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில் இருக்காது; டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறத்தில், ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் இருக்கும். பிரேக் ஷாஃப்டைப் பிடிக்கிறது, ஷாஃப்ட் சக்கரத்தைப் பிடிக்கிறது. நடுவில் கிராஸ் போய்விட்டால் லிவரை எவ்வளவு இழுத்தாலும் பின் சக்கரத்துக்கு அது எட்டாது. சரிவில் நிறுத்தி ஷாஃப்டைக் கழற்றுகிறவருக்கும் இதே ஆபத்து உண்டு. சக்கரத்துக்குக் கல் வைக்காமல் அடியில் போகாதே என்று பழைய மெக்கானிக்குகள் பையன்களைத் திட்டியது இதனால்தான். ஓட்டத்தில் ஷாஃப்டின் முன்முனை அறுந்து விழுந்தால், அது தரையில் குத்தி வண்டியையே தூக்கிவிடக்கூடும்.

இன்று நிலைமை வேறு. 2010இல் வந்த மஹிந்திரா ‘தார்’ வண்டியில் முன்பக்கம் முழு அச்சு கிடையாது. டிஃபரென்ஷியல் சேஸிஸோடு நிற்கிறது. சக்கரங்கள் மட்டும் தனித்தனியாக ஏறி இறங்குகின்றன. அதனால் முன் ஷாஃப்டின் சாய்வு கல்லுக்குக் கல் மாறுவதில்லை. அந்த வேலை சக்கரத்துக்குப் போகும் தண்டுகளின் சி.வி. ஜாயின்டுகளுக்குப் போய்விட்டது. அவை சீரான வேகத்தில் சுற்றும், நடுங்காது. ரப்பர் உறை கிழிந்தால் மட்டும் கிரீஸ் சிதறி, மண் உள்ளே போய், சீக்கிரம் கெடும். 2020 ‘தார்’ வண்டியில் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கும் போய்ச் சுருள் ஸ்பிரிங் வந்துவிட்டது.

கிராஸும் மாறிவிட்டது. பல புது வண்டிகளில் நிப்பிளே இல்லை. ஆலையில் வைத்த கிரீஸோடு சீல் செய்து வருகிறது. சிலவற்றில் லாக்கும் இல்லை, கப்பை யோக்கோடு சேர்த்து நசுக்கியே பூட்டிவிடுகிறார்கள். தேய்ந்தால் ஷாஃப்டையே மாற்றச் சொல்கிறார்கள். பட்டறைகளில் சுத்தியலின் இடத்துக்கு ஹைட்ராலிக் பிரஸ் வந்திருக்கிறது. யோக்கின் காது வளையாமல் கப் நேராக இறங்குகிறது. இது உண்மையான முன்னேற்றம். ஷாஃப்டைச் சுழலவிட்டு எடை சமன் பார்த்துத் தருகிறார்கள். அதே கடைத்தெருவில் அசல் பெட்டியைப் போலவே அச்சடித்த போலிக் கிராஸும் விற்கிறது.

சீல் செய்த கிராஸ் கெட்டது என்று நான் சொல்லவில்லை. தார்ச்சாலையில் ஓடும் வண்டிக்கு அதுவே நல்லது. நிப்பிளுக்காகத் துளையிடாத கிராஸ் கூடுதல் வலிமையோடும் இருக்கும். ஆனால் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் போகும் பழைய ஜீப்புக்கு என் மனம் நிப்பிளைத்தான் கேட்கிறது. கல்லும் சேறும் தண்ணீரும் கலந்த அந்தப் பாதையில் எந்தச் சீலும் நிரந்தரமில்லை. அதோடு, கிரீஸ் அடிக்கப் படுத்தவர் கிரீஸ் மட்டுமா அடித்தார்? ஷாஃப்டைப் பிடித்து முறுக்கிப் பார்த்தார், பட்டை விரிசலைப் பார்த்தார், பிரேக் குழாயில் ஈரமிருக்கிறதா என்று தடவினார். நிப்பிள் போனதும் அடியில் படுக்கும் வேலையும் போனது.

சாலை மாறியதால் வந்த கேடும் ஒன்று உண்டு. மூணாறு வரை அகலமான தார்ச்சாலை வந்துவிட்டது. கரடில் போட்ட ஃபோர்வீல் லிவரைத் தாருக்கு வந்த பிறகும் எடுக்காமல் ஓட்டுகிறார்கள். பழைய ஜீப்பில் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் அப்போது ஒன்றாகப் பூட்டியிருக்கும். வளைவில் முன் சக்கரம் அதிக தூரம் போயாக வேண்டும். மண்ணில் சக்கரம் வழுக்கிக் கொடுக்கும், தார் கொடுக்காது. அந்த முறுக்கு முழுவதும் கிராஸின் மேல்தான் விழுகிறது. புதிதாக மாற்றிய கிராஸ் சீக்கிரமே ‘டக்’ என்று அடிக்கிறதென்றால், கடைக்காரரைக் குறை சொல்லும் முன் இந்த லிவர் பழக்கத்தைப் பார்க்க வேண்டும்.

இன்று பழைய ஜீப்புக்குக் கிராஸ் மாற்றுகிறவர்கள் ஷாஃப்டின் இரண்டு முனையையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது. ஒரு முனை தேய்ந்த தூரத்தை மறுமுனையும் ஓடியிருக்கிறது. நிப்பிள் கிரீஸ் கன் எட்டும் பக்கம் பார்த்திருக்கிறதா என்று பூட்டும் முன் பார்க்க வேண்டும், பிறகு திருப்ப முடியாது. கிராஸைப் பிடித்திருக்கும் யூ-போல்ட் நட்டுகளைச் சில நாள் ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி ஒருமுறை முறுக்கிப் பார்க்க வேண்டும், சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு.