பகிரப்படும் இறையாண்மை

ஒரு நாட்டின் எல்லைக்குள் இறுதிச் சொல் யாரிடம் இருக்கிறதோ, அவரிடமே அந்நாட்டின் இறையாண்மை இருக்கிறது. பிரெஞ்சு அறிஞர் ழான் போதேன் 1576ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இவ்வதிகாரத்தை முழுமையானது, நிலையானது, பிரிக்கவியலாதது என விளக்கினார். அவர் காலத்தில் அஃது மன்னரிடம் இருந்தது. பிற்காலத்தில் நாடாளுமன்றத்திற்கும் மக்களுக்கும் உரியதாயிற்று. உரியவர் மாறினாலும் ‘பிரிக்கவியலாதது’ என்னும் எண்ணம் மட்டும் நெடுங்காலம் மாறவில்லை. அவ்வெண்ணம் தோன்றிய ஐரோப்பாவே பின்னர் அதனைச் சோதித்துப் பார்க்கவும் முன்வந்தது.

அதற்குக் காரணம் போர். முப்பது ஆண்டு இடைவெளிக்குள் இருமுறை அழிந்த கண்டம் மூன்றாவது அழிவைத் தடுக்க வழி தேடியது. 1950ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் பிரான்சின் வெளியுறவு அமைச்சர் இராபர்ட் சூமன் ஒரு திட்டத்தை அறிவித்தார். படைக்கலன் செய்ய நிலக்கரியும் எஃகும் வேண்டும். பிரான்சும் ஜெர்மனியும் அவ்விரண்டையும் ஒரு பொது அமைப்பின் பொறுப்பில் விட்டுவிட்டால், ஒன்று மற்றொன்றுக்கு எதிராக மறைவில் படை திரட்ட இயலாது. 1951இல் ஆறு நாடுகள் இதற்கான உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. பிரிட்டன் அழைக்கப்பட்டும் சேரவில்லை. நாடுகள் கூடிப் பேசும் அமைப்புகள் முன்பும் இருந்தன. ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவையின் தீர்மானங்கள் பெரும்பாலும் பரிந்துரைகளே. இப்புதிய அமைப்பின் முடிவுகளோ உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தின. நாடுகளுக்கு மேலான ஆட்சியமைப்பு என இதனை அழைப்பது இதனால்தான். 27 நாடுகளைக் கொண்ட இன்றைய ஐரோப்பிய ஒன்றியம் இவ்வித்திலிருந்து வளர்ந்ததே.

எவ்வளவு அதிகாரத்தை ஒப்படைத்தோம் என்பதை அந்நாடுகள் உடனே உணர்ந்தனவா என்பது ஐயமே. அதனை உணர்த்தியது ஒரு மின்கட்டணச் சீட்டு. இத்தாலி 1962இல் மின்துறையை நாட்டுடைமையாக்கியது. அச்சட்டம் ஐரோப்பிய உடன்படிக்கைக்கு முரணானது என்று கூறி, மிலான் நகர வழக்கறிஞர் ஒருவர் இரண்டாயிரம் லிராவுக்கும் குறைவான கட்டணத்தைச் செலுத்த மறுத்தார். இத்தாலிய நீதிமன்றம் இத்தாலியச் சட்டத்தையே பின்பற்ற வேண்டும் என்பது அரசின் வாதம். வழக்கு லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்தை எட்டியது. உறுப்பு நாடுகள் தம் இறையாண்மை உரிமைகளைச் சில துறைகளில் தாமே வரையறுத்துக் கொண்டுவிட்டன. எனவே பின்னர் இயற்றும் உள்நாட்டுச் சட்டத்தால் ஒன்றியச் சட்டத்தை மீற இயலாது என்று 1964இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்விதி உடன்படிக்கையில் வெளிப்படையாக எழுதப்படவில்லை என்பது கருதத்தக்கது. ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் இதனை இன்றுவரை முழுதாக ஏற்கவில்லை. உடன்படிக்கைகளின் உரிமையாளர்கள் உறுப்பு நாடுகளே என்று 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உறுதிபடக் கூறியது. ஆக, இறுதிச் சொல் யாருடையது என்னும் வினாவுக்கு அங்கு இரு நீதிமன்றங்கள் இரு விடைகளைத் தருகின்றன.

இந்திய மாணவர் ஒருவருக்கு ஓர் ஐயம் எழலாம்: நம் அரசமைப்பும் இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்றே கூறுகிறது, இரண்டும் ஒன்றா? அல்ல. இந்திய மாநிலம் ஒன்றியத்திலிருந்து விலக வழியில்லை. ஐரோப்பிய உறுப்பு நாடு விலகலாம். அதற்குப் பொது இராணுவமில்லை. வரி, வெளியுறவு போன்றவற்றில் ஒரு நாடு மறுத்தாலும் முடிவு நின்றுவிடும். ஏனையவற்றில் 15 நாடுகள் இசைந்து, அவற்றின் மக்கள்தொகை மொத்தத்தில் 65 விழுக்காடாக இருந்தால் சட்டம் நிறைவேறும். எதிர்த்து வாக்களித்த நாடும் அதற்குப் பணிய வேண்டும்.

பணிதலின் விலையைக் கிரீஸ் நாடு நன்கறியும். தன் பழைய நாணயமான திராக்மாவைக் கைவிட்டு 2001இல் யூரோவை ஏற்ற அந்நாடு, பத்தாண்டுக்குள் கடன் நெருக்கடியில் சிக்கியது. சொந்த நாணயம் உள்ள நாடு அதன் மதிப்பைக் குறைத்து ஏற்றுமதியைப் பெருக்க முயலலாம். கிரீசுக்கு அவ்வழி அடைபட்டிருந்தது. கடன் தந்தோர் ஓய்வூதியக் குறைப்பையும் வரி உயர்வையும் நிபந்தனையாக்கினர். 2015 ஜூலை 5 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் 61 விழுக்காட்டினர் நிபந்தனைகளை மறுத்தனர். வங்கிகள் அதற்கு முன்பே மூடப்பட்டு, ஒருவர் நாளொன்றுக்கு 60 யூரோ மட்டுமே எடுக்கலாம் என்ற நிலை. எட்டு நாள்களில் அதே அரசு கடும் நிபந்தனைகளுக்கு இணங்கியது. மக்களின் வாக்கு செல்லாமற்போயிற்று என்று பலரும் வருந்தினர். அவ்வருத்தம் நியாயமானது. எனினும், யூரோவைப் பயன்படுத்திய பிற 18 நாடுகளிலும் வாக்காளர்கள் இருந்தனர். கடனாகச் சென்றது அவர்தம் வரிப்பணம். ஒரு நாட்டு மக்களின் விருப்பம் மற்றொரு நாட்டு மக்களின் விருப்பத்தோடு மோதும்போது எதனை மக்களாட்சி என்பது? ஒன்றியத்தை விட்டு வெளியேறும் உரிமை கிரீசிடம் இருந்தது. அதன் விளைவைத் தாங்கும் வலிமை இல்லை.

அவ்வாறாயின் வெளியே நிற்பதே மேலன்றோ? நார்வே அதனைத்தான் தேர்ந்தது. 1972, 1994 ஆகிய இரு வாக்கெடுப்புகளிலும் அந்நாட்டு மக்கள் ஒன்றியத்தில் சேர மறுத்தனர். தம் கடலின் மீனும் தம் உழவர்களின் நலனும் வேறொருவர் முடிவுக்கு உட்படக் கூடாது என்னும் அவர்களது எண்ணம் ஈடேறியது. ஆனால் ஐரோப்பியச் சந்தை அந்நாட்டுக்கு இன்றியமையாதது. ஆகவே தனி உடன்படிக்கை வழியாக அச்சந்தையின் விதிகளை நார்வே ஏற்கிறது, நிதியும் வழங்குகிறது. உறுப்பு நாடுகளுக்குரிய கடப்பாடுகளில் ஏறத்தாழ முக்கால் பங்கை நார்வே ஏற்றுள்ளதாக அந்நாட்டு அரசு அமர்த்திய குழு 2012இல் கணித்தது. அவ்விதிகளுக்காக வாக்களிக்கும் இருக்கை மட்டும் அதற்கு இல்லை. சட்டங்கள் தொலைநகலில் வந்து சேர்கின்றன என்று நார்வேயினரே இதனை எள்ளி நகையாடுவதுண்டு.

முதலில் மறுத்த பிரிட்டன் 1973இல் ஒன்றியத்தில் சேர்ந்தது. 2016இல் 51.9 விழுக்காட்டினர் வெளியேற வாக்களித்தனர். 2020 ஜனவரி 31 அன்று அந்நாடு விலகியது. சட்டமியற்றும் அதிகாரத்தை மீட்போம் என்பதே விலகலை ஆதரித்தோரின் முழக்கம். அவ்வதிகாரத்தின் பெரும்பகுதி இலண்டனுக்குத் திரும்பியதும் உண்மையே. இடர் எழுந்தது வட அயர்லாந்தில். பிரிட்டன் விலகியவுடன் வட அயர்லாந்துக்கும், ஒன்றியத்தில் நீடித்த அயர்லாந்துக் குடியரசுக்கும் இடையிலான எல்லை, ஒன்றியத்தின் எல்லையாகிவிட்டது. மூவாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்ட நெடிய மோதல் 1998ஆம் ஆண்டு உடன்பாட்டால் அடங்கிய மண் அது. அங்கு மீண்டும் சோதனைச் சாவடிகளை எழுப்ப எவரும் விரும்பவில்லை. எனவே சரக்குகளைப் பொறுத்தவரை வட அயர்லாந்தில் ஐரோப்பிய விதிகளே தொடர்கின்றன. பிரிட்டனின் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்குக் கடல்வழி செல்லும் பொருள்கள் சோதனைக்கு உள்ளாகின்றன. அங்குள்ள வாக்காளர்களில் 55.8 விழுக்காட்டினர் ஒன்றியத்தில் நீடிக்கவே 2016இல் வாக்களித்திருந்தனர். தாம் இயற்றாத இவ்விதிகள் மேலும் நான்கு ஆண்டுகள் நீடிக்கட்டும் என்று 2024 டிசம்பரில் வட அயர்லாந்துச் சட்டமன்றம் முடிவுசெய்தது. 48 பேர் ஆதரித்தனர், 36 பேர் எதிர்த்தனர்.