இளையோர்க்கு மது விற்றலும் காவற் செலவும்

ஒரு சட்டத்தை இயற்றுதல் எளிது. அதனை நாள்தோறும் கடைவீதியில் நடைமுறைப்படுத்தல் அரிது. இயற்றுதற்குச் சபையொன்றின் வாக்குப் போதும். நடைமுறைப்படுத்தற்கோ ஆளும் நேரமும் பொருளும் வேண்டும். உரிய வயதடையாதார்க்கு மது விற்பதைத் தடுக்க அமெரிக்க ஐக்கிய நாடுகள் மேற்கொண்ட முயற்சி இவ்வுண்மையைத் தெளிவுறுத்துகின்றது.

அந்நாட்டில் 1933ஆம் ஆண்டு மதுவிலக்கு நீங்கியபின், மதுவைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் பெரிதும் மாநிலங்களைச் சார்ந்தது. 1970ஆம் ஆண்டுகளில் மாநிலங்கள் பல, மது வாங்குதற்குரிய வயதைக் குறைத்தன. வயதெல்லை குறைந்த அயல் மாநிலத்துக்கு மோட்டார் வண்டியிற் சென்று, குடித்துத் திரும்பிய இளைஞர் பலர் வீதி விபத்துக்களில் மாண்டனர். இதனைக் கருதிய சமஷ்டி அரசாங்கம் 1984இல் ஒரு சட்டம் இயற்றியது. அச்சட்டம் மாநிலங்களுக்கு நேரே கட்டளையிடவில்லை. 21 வயதை எல்லையாகக் கொள்ளாத மாநிலம் பெருந்தெருக்களுக்கான மானியத்தில் ஒரு பகுதியை இழக்கும் என்றே கூறிற்று. 1987இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் இதனை ஏற்றது. 1988ஆம் ஆண்டளவில் எல்லா மாநிலங்களும் இவ்வயதெல்லைக்கு இணங்கின.

ஆயினும், ஏட்டில் எழுதிய வயது கடையில் வினவப்படும் வயதாகிவிடாது. களவு நிகழின் பொருளிழந்தவன் பொலிசாரிடம் முறையிடுவான். இக்குற்றத்திலோ விற்பவனுக்கு இலாபமும் வாங்குபவனுக்கு விருப்பமும் உள, முறையிடுவார் இலர். எனவே பொலிசார் தாமே தேடிச் சென்றாலன்றி இது பெரும்பாலும் வெளிப்படாது. களவு, கலகம், விபத்து என்பவற்றால் அலுவல் மிகுந்த உள்ளூர்ப் பொலிஸ் நிலையத்தில் இவ்வேலை இறுதியிடத்தையே பெறுதல் இயல்பு.

தேடுதற்குக் கலிபோர்னியா மாநிலம் கைக்கொண்ட முறை அறியத்தக்கது. பொலிசாரின் மேற்பார்வையில் வயதடையாத ஒருவர் கடைக்குட் சென்று மது கேட்பார். இது வஞ்சித்துக் குற்றத்திற் சிக்கவைக்கும் செயல் என வணிகர் வழக்காடினர். 1994இல் அம்மாநிலத்தின் உயர் நீதிமன்றம் அவ்வாதத்தை நிராகரித்தது. அதன்பின், வணிகர்க்கு அநீதி நேராவண்ணம் விதிகள் வகுக்கப்பட்டன. செல்பவர் 20 வயதுக்குட்பட்டவராதல் வேண்டும். 21 வயது நிரம்பாதவராகவே தோன்றுதல் வேண்டும். வயதை வினவினால் உண்மையே உரைத்தல் வேண்டும். அடையாளச் சீட்டைக் கேட்டால், வைத்திருக்கும் தம்முடைய சீட்டையே காட்டுதல் வேண்டும். விற்றவரைப் பின்னர் நேரில் அடையாளங் காட்டுதலும் வேண்டும். ஆகவே, வயதை வினவும் வழக்கமுடைய வணிகன் அஞ்சவேண்டியதில்லை.

இத்தகைய சோதனைக்கு உத்தியோகத்தரின் மேலதிக நேரக் கொடுப்பனவு, பயிற்சி, வழக்கு நடாத்தல் எனச் செலவுகள் பலவுள. கலிபோர்னியாவின் மதுக் கட்டுப்பாட்டுத் திணைக்களம் 1995 முதல் உள்ளூர்ப் பொலிசார்க்கு மானியம் வழங்கலாயிற்று. 1998இல் சமஷ்டி அரசாங்கம் இப்பணிக்கென 2 கோடியே 50 இலட்சம் டொலரை ஒதுக்கி, ஒவ்வொரு மாநிலத்துக்கும் 3 இலட்சத்து 60 ஆயிரம் டொலர் அளித்தது.

இதனால் விளைந்த பயன் யாது? அந்நாட்டின் மத்திய மேற்குப் பகுதி நகரங்கள் சிலவற்றில் நிகழ்ந்து, 2005இல் வெளியான ஆய்வொன்று இதற்கு விடை தருகின்றது. சோதனை நிகழ்ந்தவுடன், இளையோர்க்கு மது விற்கப்படும் வாய்ப்பு நூற்றுக்கு 17 வீதம் குறைந்தது. ஆனால், வாங்கிச் செல்லும் கடைகளில் அப்பயன் மூன்று மாதங்களுள் முற்றாக மறைந்தது. அருந்தும் நிலையங்களில் அது 8 வீதமளவுக்குத் தேய்ந்தது. அச்சம் நீங்கப் பழைய வழக்கம் மீண்டதென்க.

எனவே, ஒருமுறை வழங்கும் பெருந்தொகையினும் ஆண்டுதோறும் தவறாது கிடைக்கும் சிறுதொகையே சிறந்தது. சமஷ்டி அரசாங்கத்தின் ஒதுக்கீடோ 2010ஆம் ஆண்டுகளில் மிகச் சுருங்கிற்று. கலிபோர்னியாத் திணைக்களத்தின் செலவு, மது விற்போர் செலுத்தும் அனுமதிப்பத்திரக் கட்டணத்தைக் கொண்டு நடைபெறுகின்றது. விற்பனையால் இலாபம் பெறுவோரே அதன் காவற் செலவையும் ஏற்றல் நியாயமும் நிலைபேறும் உடைய வழியாகும்.

வீட்டிலும் மூத்த நண்பரிடத்தும் இளையோர் மது பெறுதலைக் கடைச் சோதனை தடுக்காது. அது பெற்றோரதும் ஆசிரியரதும் கடமை. எனினும் கடைவாயில் அரசாங்கத்தின் அனுமதி பெற்றுத் திறக்கப்படுவது. அதனைக் காத்தலும் அரசாங்கத்தின் பொறுப்பே. இலங்கையிலும் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குட்பட்டார்க்கு மது விற்றலை விலக்குகின்றது. எண் ஒன்றே. அவ்வெண்ணைக் கடையில் வினவுவிப்பார் யார், அதற்குப் பொருள் தருவார் யார் என்பனவே எந்நாட்டிலும் அச்சட்டத்தின் உயிரைத் தீர்மானிக்கும் வினாக்களாம்.