டில்லியில் அரை நாள்

தொழில் நிமித்தமாகத் தலைநகருக்குச் சென்று வருவோர் நம்மில் பலர். வழக்கோ, வியாபாரமோ, மந்திரிகளின் காரியாலயத்தில் ஒரு மனுவோ, எதுவாயினும் அலுவல் முடிந்தபின் ரயிலுக்கு நான்கைந்து மணி நேரம் மிஞ்சுவதுண்டு. அந்நேரத்தில் வாடகைக் கார் ஒன்றை அமர்த்திக்கொண்டு குதுப்மினார், ஹுமாயூன் சமாதி, இந்தியா கேட் என்று மூச்சு வாங்க ஓடுவதும், ஊர் திரும்பிய மறுவாரமே எதை எங்கே கண்டோம் என்பது நினைவில் குழம்பிப் போவதுமே பெரும்பாலோர் அனுபவம். முன்னொரு முறை நாமும் அவ்விதம் ஓடியவரேயாவோம்.

சமீபத்தில் ஒரு வழக்கு சம்பந்தமாக உச்ச நீதிமன்றத்திற்குச் செல்ல நேர்ந்தது. பகல் உணவுக்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. ரயிலோ இரவில். இம்முறை பல இடங்களைத் தேடி ஓடாமல், நீதிமன்ற வாயிலிலிருந்து செங்கோட்டை வரை ஒரே வழியில் நிதானமாகச் சென்று வருவதெனத் தீர்மானித்தோம். மூன்று மைலுக்குச் சற்று ஏறக்குறைய உள்ள தூரந்தான். ஆயினும், ஓர் அரசாங்கம் தன் எதிரிகளை எவ்விதம் நடத்துகிறது என்னும் கேள்விக்கு, அந்தச் சிறிய பாதை ஒரு நூற்றாண்டின் சரித்திரத்தையே விடையாக வைத்திருக்கிறது.

நீதிமன்ற வாயிலில் ஆட்டோ ரிக்ஷா ஒன்றை அமர்த்திக்கொண்டோம். திலகர் பெயர் தாங்கிய ரயில் பாலத்தின் அடியே கடந்து, பத்திரிகைக் காரியாலயங்கள் வரிசையாக நிற்கும் பகதூர்ஷா ஜஃபர் சாலையில் வண்டி திரும்பியது. கடைசி மொகலாயச் சக்கரவர்த்தியின் பெயரைக் கொண்ட அச்சாலையின் நடுவே பழைய கல்வாயில் ஒன்று தனித்து நிற்கிறது. டில்லி மக்கள் அதனை 'இரத்த வாயில்' என்று பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். 1857-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி, ஹுமாயூன் சமாதியில் சரணடைந்த சக்கரவர்த்தியின் புதல்வர் இருவரையும் பேரர் ஒருவரையும் ஹாட்ஸன் என்னும் வெள்ளை அதிகாரி இவ்விடத்தில்தான் தன் கையாலேயே சுட்டுக் கொன்றான். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, தீர்ப்பும் இல்லை. இரு புறமும் விரைந்தோடும் மோட்டார்களில் இருப்போர் எவரும் அவ்வாயிலைத் திரும்பிப் பார்ப்பதாகத் தோன்றவில்லை.

அங்கிருந்து டில்லி வாயில், தரியாகஞ்ச் வழியாகச் செங்கோட்டையை அடைந்தோம். (திங்கட்கிழமைகளில் கோட்டை திறப்பதில்லை, செல்வோர் இதனை நினைவிற் கொள்க.) 1639-க்கும் 1648-க்கும் இடையே ஷாஜஹான் எழுப்பிய கோட்டை இது. லாகூர் வாயிலுள் நுழைந்து, கடைகள் நிறைந்த வளைவு வீதியையும் நகராக்கூடத்தையும் கடந்தால் பொதுச் சபை மண்டபம். அதற்கும் அப்பால் சலவைக்கல்லால் ஆன தனிச் சபை மண்டபம். அங்கே ஒரு வழிகாட்டி, இருபது முப்பது பேரை நிறுத்திக்கொண்டு, மயிலாசனத்தின் இரத்தினங்களைப் பற்றியும் 1739-இல் நாதிர்ஷா அதனை வாரிச் சென்றது பற்றியும் வெகு சுவையாகப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்ததும், "இதே மண்டபத்தில் ஒரு விசாரணை நடந்ததே, அதைச் சொல்லவில்லையே?" என்று கேட்டோம். அவர் மரியாதையுடன் புன்னகை புரிந்து, "வருகிறவர்கள் அதைக் கேட்பதில்லை, ஐயா" என்றார்.

அவ்விசாரணை 1858-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் தேதி தொடங்கி மார்ச் 9-ஆம் தேதி முடிவுற்றது. எதிரி, எண்பது வயதைக் கடந்த பகதூர்ஷா. தம் முன்னோர் கொலுவீற்றிருந்த மண்டபத்திலேயே அவர் கைதியாக நிறுத்தப்பட்டார். நீதிபதிகளாக அமர்ந்தோர் அனைவரும் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள். ராஜத்துரோகம் உள்ளிட்ட எல்லாக் குற்றச்சாட்டுகளும் ருஜுவாயினவென்று தீர்ப்பளித்து, அவரை ரங்கூனுக்கு நாடு கடத்தினர். 1862-இல் அங்கேயே அவர் உயிர் நீத்தார்.

சட்டம் கற்றோர் இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். 1765-இல் வங்காளத்தின் திவானி உரிமையைக் கம்பெனியார் பெற்றது இவருடைய பாட்டனார் ஷா ஆலமிடமிருந்து. 1835 வரை கம்பெனியார் அடித்த நாணயங்களில் அந்தச் சக்கரவர்த்தியின் பெயரே பொறிக்கப்பட்டிருந்தது. அவ்வாறாயின், கம்பெனியார் சக்கரவர்த்தியின் ஊழியரேயன்றி, சக்கரவர்த்தி கம்பெனியாரின் பிரஜையல்லர். எஜமானனை ஊழியன் விசாரித்து, துரோகி எனத் தீர்ப்புக் கூறிய விந்தை இது! இவ்வாதத்தை 1922-இல் எடுத்துரைத்தவர் பக்ளர் என்னும் ஓர் ஆங்கிலச் சரித்திராசிரியரே என்பது குறிப்பிடத் தக்கது.

மண்டபத்தை விட்டு அகன்றால், சற்றுத் தூரத்தில் பட்டாளக் கட்டிடங்கள் கண்ணில் படுகின்றன. 1857-க்குப் பின் அரண்மனையின் பெரும் பகுதியை இடித்துத் தள்ளிவிட்டு பிரிட்டிஷார் கட்டியவை அவை. அவர்கள் சென்ற பின்னும், 2003-ஆம் ஆண்டு வரை கோட்டையின் பெரும் பகுதி ராணுவத்தின் வசமே இருந்து வந்தது. இப்பொழுது அக்கட்டிடங்களில் பொருட்காட்சி சாலைகள் அமைந்துள்ளன. நேதாஜிக்கும் இந்திய தேசிய ராணுவத்திற்கும் உரியது 2019-இல் திறக்கப்பட்டது.

அந்த ராணுவத்தின் தளகர்த்தர்களான ஷா நவாஸ் கான், பிரேம் ஸெகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவர்மீது விசாரணை நடந்ததும் இதே கோட்டைக்குள்தான். ஒரு முஸ்லிம், ஒரு ஹிந்து, ஒரு சீக்கியர் எனச் சேர்த்து நிறுத்தியதன் மூலம், தேசம் முழுவதையும் ஒன்று திரட்டும் காரியத்தை அரசாங்கமே செய்து கொடுத்தது. 1945 நவம்பர் 5-ஆம் தேதி விசாரணை தொடங்கியது. நேருஜி நெடுங்காலத்திற்குப் பின் வக்கீல் அங்கி தரித்து அங்கே அமர்ந்தார். வாதத்தின் முழுப் பாரத்தையும் தாங்கியவர், உடல் நலிந்திருந்த புலாபாய் தேசாய். அடிமைப்பட்ட ஜனசமூகம் தன் விடுதலைக்காக யுத்தம் தொடுக்க சர்வதேச சட்டப்படி உரிமை உண்டு என்று அவர் வாதித்தார். ராணுவ நீதிமன்றம் மூவருக்கும் தீவாந்தர சிக்ஷை விதித்தது. சில நாட்களுக்குள் பிரதம சேனாதிபதி அதனை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. நான்கே மாதங்களில், 1946 மே மாதத்தில், புலாபாய் காலமானார்.

தமிழர் இங்கே தலை நிமிர்ந்து நிற்கலாம். மலேயாத் தோட்டங்களில் பால்மரம் சீவிய நம் சகோதரர்கள் ஆயிரக்கணக்கில் அந்த ராணுவத்தில் சேர்ந்தனர். ஜான்ஸிராணிப் படைக்குத் தலைமை வகித்த லக்ஷ்மி, சென்னை வக்கீல் சுவாமிநாதனின் புதல்வியாவார். பின்னர் பிரேம் ஸெகலையே மணந்தவர்.

மூன்றாவது விசாரணையும் ஒன்றுண்டு. 1947 ஆகஸ்டு 16-ஆம் தேதி நேருஜி இக்கோட்டையின்மீது தேசியக் கொடியை ஏற்றினார். ஓராண்டு கழியுமுன் காந்தியடிகளின் கொலை வழக்கும் இதே கோட்டைக்குள் விசாரிக்கப்பட்டது. தேசம் துக்கத்தாலும் கோபத்தாலும் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆயினும் ராணுவ அதிகாரிகளுக்குப் பதில் சிவில் நீதிபதி ஒருவர் அமர்ந்தார். எதிரிகளுக்கு வக்கீல்கள் இருந்தனர். 1949 பிப்ரவரியில் வெளிவந்த தீர்ப்பில் எண்மரில் ஒருவர் விடுதலையானார். மேல் முறையீட்டில் மேலும் இருவர் விடுதலை பெற்றனர். தேசப்பிதாவைக் கொன்ற வழக்கிலும் சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளிக்க நம் நீதிபதிகள் துணிந்தனர். கொடியேற்றிய நாளைவிட இத்தீர்ப்பு நாட்களிலேயே நம் சுதந்திரம் மெய்ப்பிக்கப்பட்டதென்று நாம் கருதுகிறோம்.

மாலையில் கோட்டையை விட்டு சாந்தினி சவுக் வழியே நடந்தோம். 1675-இல் குரு தேக் பகதூர் சிரச்சேதம் செய்யப்பட்ட இடத்தில் எழுந்துள்ள குருத்வாராவின் முன் சிறிது நேரம் நின்றோம். பின்னர் அருகிலுள்ள மெட்ரோ ரயில் ஏறினோம். இரண்டாவது நிலையமே புதுடில்லி ரயிலடி. அரை நாளில் கண்டது ஒரு வாயிலும் ஒரு கோட்டையுமே. ஆனால் கண்டது மனத்தில் நின்றது.

பெருமையுடன் மட்டும் திரும்பினோமா எனின், இல்லை. 2022-ஆம் ஆண்டு அரசாங்கக் கணக்கின்படி, நம் சிறைகளில் இருந்தோரில் ஏறக்குறைய நான்கில் மூவர் இன்னும் தீர்ப்புப் பெறாத விசாரணைக் கைதிகள். அவர்களுக்காக வாதாட புலாபாய் வரப்போவதில்லை. அவர்களுடைய பெயர்கள் பத்திரிகைகளில் வெளிவருவதுமில்லை. இரத்த வாயிலிலிருந்து 1949-ஆம் ஆண்டுத் தீர்ப்பு வரை நாம் நடந்து வந்த தூரத்தை மறந்தால், வந்த வழியே திரும்பிச் செல்வது வெகு எளிது.

ஆகவே, அடுத்த முறை டில்லி செல்லும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். தனிச் சபை மண்டபத்தில் வழிகாட்டி மயிலாசனத்தை வருணித்து முடிக்கட்டும். பிறகு, அங்கு நடந்த விசாரணையைப் பற்றி அவரிடம் கேளுங்கள். கேட்போர் பலரானால், சொல்லுவோரும் தோன்றுவர்.