வெள்ளத்தில் நனைந்த லேப்டாப்பை அரிசியில் வைக்கலாமா?

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். விம்கோ நகரை ஒட்டிய எர்ணாவூர், எண்ணூர் வீடுகளுக்குள் மழைநீரோடு எண்ணெய்க் கழிவும் புகுந்தது. அடுத்த மழைக்கு முன் தெரிஞ்சுக்க வேண்டியவை இதோ.

முதலில் என்ன செய்யணும்?
மெயின் சுவிட்சை அணைக்கணும். சுவிட்ச் போர்டு வரை தண்ணீர் நின்றால் தொடாமல், 94987 94987 என்ற மின்னகம் எண்ணை அழைக்கலாம்.

ஆன் ஆகுதான்னு பார்க்கலாமா?
கூடவே கூடாது. வெள்ள நீரில் கரைந்த உப்பு வழியே மின்சாரம் பாய்ந்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகும். சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, கவிழ்த்து வையுங்கள்.

அரிசி உதவுமா?
உதவாது. அரிசித் துகள் போர்ட்டுக்குள் போகும். ஐபோனை அரிசிப் பையில் வைக்க வேண்டாம் என ஆப்பிள் நிறுவனமே சொல்லியிருக்கிறது. ஹேர் டிரையரும் வேண்டாம்.

காய்ந்தால் போதுமா?
போதாது. உள்ளே படிந்த உப்பு போர்டை அரிக்கும். சீக்கிரம் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்க. பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீங்க.

போட்டோ, ஃபைல் எல்லாம் போச்சா?
லேப்டாப் செத்தாலும் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை மீட்க வாய்ப்புண்டு. நனைந்த டிஸ்க்கை நீங்களே ஓட்டிப் பார்க்காதீங்க. பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழை இப்பவே டிஜிலாக்கரில் சேர்த்துடுங்க.